பங்கு இருக்கு டீச்சர்

"தொம்மை."

பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிமிராமல் நின்றேன். நிமிர்ந்து மூன்றாம் பெஞ்சைப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு, அதைச் சுற்றி உப்பளத்துப் பூச்சிகள். சுவரிலிருந்து கசியும் ஈரம். எனக்கு வலப்பக்கம் மூன்று நாற்காலிகள், மூன்றிலும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆய்வுக் குழு. அவர்களுக்குப் பின்னால், உட்காரவும் மனசில்லாமல் நிற்கவும் தெம்பில்லாமல், எங்கள் முதல்வர் திருநகரி சார்.

முந்தின நாள் அவர் மாணவர்களைக் கும்பிடாத குறையாகக் கேட்டிருந்தார். "நாளைக்கு ஒரு நாள் நம்ம வழக்கத்தை விட்டுடுங்க. பேர் கூப்பிட்டா இருக்கிறவங்க மட்டும் 'உள்ளேன்' சொல்லுங்க. இல்லாதவங்க பேருக்கு யாரும் வாயைத் திறக்கப்படாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். கிரேன் ஓட்டுகிறவர்கள், உப்பளத்து மேஸ்திரிகள், சரக்கு எண்ணும் குமாஸ்தாக்கள், தோணிக்காரர்கள். தலையாட்டும்போது நாற்பது வயதுக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளாகத்தான் தெரிவார்கள்.

தொம்மை அன்று இல்லை. தோணியில் இருந்தார்.

மூன்றாம் பெஞ்சில் சேலை சரசரத்தது. பிறகு அந்தக் குரல்.

"பங்கு இருக்கு டீச்சர்."

சலேத்தக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்தினாள். அதற்குள் கரை உடைந்துவிட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்; அவனும் இல்லை; அவனுக்காக இன்னொருவன் எழுந்தான். "பங்கு இருக்கு." அதற்கடுத்த பெயருக்கும் "பங்கு இருக்கு." ஒருத்தி சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருந்தால் கடலில் இருப்பவனுக்குத் துரோகம் ஆகிவிடும் அல்லவா? சொல்லிக்கொண்டே போனார்கள்.

திருநகரி சார் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியின் ஒற்றைச் சிவப்புக் கீற்று மட்டும் விழித்திருந்தது.

நடு நாற்காலியில் இருந்த குழுத் தலைவர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். "இதுக்கு எங்க ஊர்ல வேற பேர் இருக்கு," என்றார். "ஆள் மாறாட்டம்."

இந்தத் தொடரில் போன வாரம் என்னை, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைப் பேருந்தின் படிக்கட்டில் தொங்கவிட்டுவிட்டு முடித்திருந்தேன். இறங்கினேனா என்று ஒரு வாசகர் விசாரித்திருக்கிறார். இறங்கினேன் ஐயா. இறங்கி நடந்து போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

உப்பு யுனிவர்சிட்டி

வாசலில் தொங்கிய பலகையில் 'தென்கடல் மாலைக் கல்லூரி' என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரைப் பலகை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஊருக்கு அது உப்பு யுனிவர்சிட்டி.

கட்டடம் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி, அதாவது கிடங்கு. உப்பைக் காலி செய்துவிட்டார்கள் என்று பேர்தானே தவிர, உப்பு காலி செய்யவில்லை. சுவருக்குள் போய்க் குடியிருந்தது. ஐப்பசி பிறந்தால் சுவர் முழுக்க வெள்ளைப் பூ பூக்கும். மழைக்கு முந்தின நாள் தரை வியர்க்கும். புத்தகங்களின் தாள்கள் வெற்றிலை மாதிரித் துவண்டு கிடக்கும். கரும்பலகை, உடைத்துப் போட்ட ஏதோ ஒரு கப்பலின் பலகை மூடி. கறுப்பு அடித்து நிறுத்தியிருந்தோம். ஈரக்காற்று நாளில் அதில் சுண்ணக்கட்டி வழுக்கும். எழுதியது தெரியாது. அப்படிப்பட்ட நாளில் பாடத்தை வாயால் மட்டுமே நடத்தினோம், கேட்டவர்களும் காதால் மட்டுமே பிடித்துக்கொண்டார்கள்.

தெருமுனையில் ஒரு டீக்கடை. கடைக்கார அண்ணாச்சிக்கு எங்களைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"ஏலே, யுனிவர்சிட்டிக்காரன் வாரான். கிளாசுல சீனியக் கூட்டிப் போடு. உள்ளாற அம்புட்டும் உப்புல்லா."

"படிச்சு முடிச்சுட்டு வாரேன் அண்ணாச்சி. ஒங்க கடைப் போர்டுல உள்ள தப்ப மொதல்ல திருத்துதேன்," என்பார் கிரேன் ஓட்டும் அலாவுதீன். காயல்பட்டினத்துக்காரர். டீயை ஊதாமல் குடிப்பார்.

கிட்டங்கிக்குக் கல்லூரி என்று பெயர் வைத்த திருநகரி சார், ஆழ்வார்திருநகரிக்காரர். ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தகப்பன்மார்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் பாடத்தைக் கேட்பார்களாம். உள்ளே பிள்ளைகள் கொட்டாவி விடும். வெளியே தகப்பன்மார்கள் விடமாட்டார்கள். "எந்தப் பக்கம் திரும்பி நின்னு நடத்தணும்னு அன்னிக்கே தெரிஞ்சுடுத்து," என்பார். வேலையை விட்டார். கிட்டங்கியைப் பிடித்தார். பள்ளி இறுதி வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கு மாலையில் பி.யூ.சி., அதாவது புகுமுக வகுப்பு.

அதில் தமிழ் நடத்த நான் சேர்ந்தேன். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காத கால் என் கால். இதிலும் தை பிறந்ததும் கிளம்பிவிடுவது என்றுதான் எண்ணம். தை பிறந்தது, மாசியும் வந்தது. அந்த மாசியில்தான் குழு வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஓர் ஆண்டு. புதிய துறைமுகம் திறந்து அதிக நாள் ஆகவில்லை. எங்களுக்கு இருந்தது தற்காலிக இணைப்பு. குழு சரி என்று எழுதினால் எங்கள் ஆட்கள் ஏப்ரலில் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் எழுத முடியாது, கிட்டங்கி மறுபடியும் உப்புக்கே.

சலேத்தக்காவுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அவள் துறைமுக அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். அங்கே குமாஸ்தா இடங்கள் காலியாகியிருந்தன. உள்ளே வேலை பார்ப்பவர்களில் அந்த ஆண்டு பி.யூ.சி. தேறுகிறவர்களுக்கு முதல் இடம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியாட்களைக் கொண்டு நிரப்பிவிடுவார்களாம். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும் என்பாள். தினமும் காலையில் அந்த நாற்காலியைத் துடைப்பவள் அவள்தான்.

கூறு விழுந்த கதை

பங்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள்.

எங்கள் கடற்கரையில் வள்ளம் வந்து பிடித்ததை இறக்கியதும் மீனைக் கூறு கூறாக வைப்பார்கள். வள்ளத்துக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு, ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு, மாதா கோயிலுக்கு ஒரு கூறு. ஆளில் ஒருவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாலும் அவன் கூறு மணலில் இருக்கும். யாராவது எடுத்துப் போய் அவன் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான்.

எந்தக் கூறு யாருக்கு என்பதிலும் சண்டை கிடையாது. ஆளுக்கொரு பொருள் தருவார்கள். சிப்பி, தீக்குச்சி, பீடித்துண்டு, சட்டைப் பித்தான். எது யாருடையது என்று தெரியாத ஒருவர் அவற்றை வாங்கி ஒவ்வொரு கூறின் மேலும் ஒன்றைப் போடுவார். விழுந்தது விழுந்ததுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

கல்லூரி தொடங்கிய புதிதில் ஒரு நாள், கொழும்பிலிருந்து வந்து இறங்கிய தொம்மை வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வகுப்புக்கு வந்தார். அவர் தோணியின் தண்டல், அதாவது தலைவர். தாடியெல்லாம் உப்பு.

"எம் பங்கு எங்க சார்?"

திருநகரி சார் விழித்தார். "என்ன பங்கு தொம்மை? நேத்துச் சுண்டல் குடுத்தோம். அது நேத்தே தீந்து போச்சே."

"சுண்டல் யாருக்கு வேணும்? நான் இல்லாதப்ப பாடம் நடத்துனீயள்லா? அதுல எம் பங்கு. யார்ட்ட வச்சிருக்கீய?"

ஒருவரிடமும் இல்லை. அவர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். கோபத்தைவிட அதிகமாக அந்தப் பார்வையில் வருத்தம் இருந்தது. "கடலுக்குப் போனவன் பங்கக் கரையில இருக்கவன் முழுங்கலாமாலே?" என்றார்.

அது அவ்வளவு பெரிய கேள்வி அந்த ஊரில்.

மறுநாள் கரும்பலகைக்குக் கீழே தரையில் பொருள்கள் வந்து சேர்ந்தன. சிப்பி, தீக்குச்சி, பித்தான், அலாவுதீனின் தொப்பியிலிருந்து பிரிந்த ஒரு நூல். கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டாக எடுத்துப் போட்டது திருநகரி சார். யார் இல்லாவிட்டால் யார் அவருடைய பாடத்தை வைத்திருந்து கொடுப்பது என்று அன்று கூறு விழுந்தது. தொம்மையின் சிப்பி சலேத்தக்காவின் ஊக்குக்குப் பக்கத்தில் விழுந்தது.

வகுப்பு மூச்சை அடக்கியது. ஏனென்றால் அவர்கள் அண்ணனும் தங்கையும். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தங்கையும். ஒரு ஞானஸ்நான விருந்தில் சண்டை தொடங்கியது என்பார் இவர். இல்லை, அதற்கு முந்தின வாரத்து மீன்குழம்பில் என்பாள் அவள். நேருக்கு நேர் சொல்வதில்லை, எங்களிடம் சொல்வார்கள்.

ஆனால் விழுந்தது விழுந்ததுதான்.

அன்றுமுதல் தொம்மை கரையேறும் காலைகளில் சலேத்தக்கா வேலைக்குப் போகும் வழியில் பழைய துறைமுகத்தில் போய் நிற்பாள். சுகமா என்று கேட்கமாட்டாள். அவரும் பிள்ளைகள் எப்படி என்று கேட்கமாட்டார். பாடம் தொடங்கும், பாடம் முடியும். அவர் அந்தப் பக்கம் நடப்பார், அவள் இந்தப் பக்கம் நடப்பாள்.

"வீட்டுக்குப் போய் ஒரு நாள் தூங்கிட்டு வரட்டுமே அக்கா," என்று ஒரு தடவை கேட்டேன்.

"மீன் மாதிரித்தான் டீச்சர். வச்சிருந்தா நாறிரும்."

வருகைப்பதிவில் அந்தப் பதில் எப்படி வந்தது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. கடலில் இருப்பவன் பெயரைக் கூப்பிட்டபோது வகுப்பில் விழுந்த மௌனம் யாருக்கும் பிடிக்கவில்லை. அந்தப் பள்ளத்தை யாரோ ஒருவர் ஒரு நாள் நிரப்பினார். மறுநாள் எல்லோரும் நிரப்பினார்கள்.

பாடம் என்ன மீனா

குழுத் தலைவர் கெட்ட மனிதர் அல்ல என்று இப்போது எழுத முடிகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. வரலாற்றுப் பேராசிரியர். கழுத்தில் மஃப்ளர், மடியில் குடை. தூத்துக்குடியின் மாசி மாதத்துக்கு இரண்டும் தேவையில்லை.

"கல்லூரின்னா ஆள் வரணும்," என்றார். "வராதவர் வந்ததா இன்னொருத்தர் எழுந்து சொல்றதுக்குப் பேர் கல்லூரி இல்லை."

"வந்ததா யாரும் சொல்லலியே சார்," என்றாள் சலேத்தக்கா. அவள் இன்னும் உட்காரவில்லை. "பங்கு இருக்குன்னுதான சொன்னோம். அவுக கப்பல்லயும் தோணிலயும் நிக்காவ. பாடம் இங்கன எங்ககிட்ட இருக்கு. வந்ததும் குடுத்துருவோம்."

"கொடுக்கிறதுக்குப் பாடம் என்ன மீனா?"

"மீனுன்னா இம்புட்டுப் பாடு இல்ல சார். கூடையில போட்டுக் குடுத்துட்டுப் போயிருவேன். இத வாயால சொல்லில்லா குடுக்கணும். அதுவும் எங்க அண்ணனுக்கு."

இடப்பக்க நாற்காலியில் இருந்த ஆங்கிலப் பேராசிரியை சிரிப்பை முந்தானைக்குள் விட்டார். மூன்றாமவர் அலுவலகத்துக்காரர், சிரிக்கலாமா என்று தலைவரைப் பார்த்தார்.

"எப்போ குடுப்பீங்க?" என்று கேட்டார் பேராசிரியை.

"மத்தியானமே முயல் தீவுக்கு அங்கிட்டு அண்ணன் தோணிப் பாய் தெரிஞ்சுது. சுங்கக்காரவ பாத்து விடுததுக்குக் காலையாயிரும். விடிஞ்சதும் பழைய துறைமுகத்துல நிப்பேன். நான் மட்டும் இல்ல, ராத்திரி கப்பல்ல வேலைக்குப் போனவுகளும் அங்கனதான் வருவாவ. நீங்களும் வந்து பாருங்க."

"எங்களுக்கு நாளைக் காலை ரயில்," என்றார் தலைவர். எழுந்து குடையை எடுத்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். திருநகரி சாரின் கை, பின்னால் இருந்த உப்புச் சுவரைத் தேடிப் பிடித்தது.

சலேத்தக்கா குரலை உயர்த்தவில்லை. "ரயிலு மறுநாளும் வரும் சார். எனக்குச் சொன்ன நாற்காலி அடுத்த வருசம் வராது."

எந்த நாற்காலி என்று அவருக்கு எப்படித் தெரியும்? திருநகரி சார்தான் இரண்டு வாக்கியத்தில் விளக்கினார். தலைவர் கேட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது பேராசிரியை அவரிடம், "ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தானே துறைமுகம்," என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

வெங்காய மூட்டை

விடிகாலையில் பழைய துறைமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வெளிச்சத்துக்கு முன்னால் வாசனைதான் விடியும். தேங்காய் நார்க் கயிறு, தார், மிளகாய் வற்றல், கருவாடு, கொழும்புக்குப் போகக் காத்திருக்கும் வெங்காய மூட்டைகள். பிறகு தண்ணீர் சாம்பலாகும், வெள்ளியாகும். தோணிகளின் பாய்மரங்கள் ஒவ்வொன்றாக வானத்திலிருந்து பிரிந்து வந்து நிற்கும். கட்டையில் அலை தட்டும் சத்தம், யாரோ உறங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் கதவு தட்டுவது போல.

குழு வந்திருந்தது. மூன்று பேரும், ரயிலுக்கான பெட்டிகளோடு.

திருநகரி சார் அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால். மூட்டைகளுக்கு இடையில் அங்கங்கே இரண்டு இரண்டு பேராகக் குந்தியிருந்தார்கள். இரவு வேலை முடிந்து வந்த அலாவுதீனுக்கு ஒரு மேஸ்திரி பொருளாதாரம் சொல்லிக்கொண்டிருந்தார். தேவையும் அளிப்பும் வெங்காய விலையில் புரிந்துகொண்டிருந்தன. அலாவுதீன் பாதிக் கண் மூடியிருந்தார். மேஸ்திரி அவர் முழங்காலில் தட்டினார். "ஒறங்காதிய, பாய். திரும்பச் சொல்லமாட்டேன்."

கடைசித் தோணியின் ஓரத்தில் தொம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் சலேத்தக்கா. நடுவே ஒரு முழ இடம். அந்த இடத்தில்தான் அவர்களுடைய சண்டை உட்கார்ந்திருக்கும்.

"எதுல விட்டேன்?" என்றாள்.

"ரொட்டி இல்ல."

"ஆங். பாரீசுப் பட்டணத்துல ரொட்டி இல்ல. புள்ளையளுக்குப் பசி. ராசா தூரத்துல ஒரு அரண்மனைல இருக்கான். கேக்க ஆளில்ல. அப்பதான் சந்தைல உள்ள பொம்பளைய எல்லாம் கிளம்புதாளுவ. அதுல முன்னுக்கு நின்னது யாரு? மீன் விக்கிறவளுவ."

தொம்மை நிமிர்ந்தார். "மீன் விக்கிறவளுவளா?"

"பொறவு? மழை ஊத்துது. கையில கிடைச்சதத் தூக்கிட்டு ராசா வீடு வரைக்கும் நடந்தே போறாளுவ."

தலைவர் நின்றுவிட்டார். அவருடைய வரலாறு வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு ஓர் அடி கிட்டே வந்தார்.

"ரொட்டி இல்லன்னா கேக்கு திங்க வேண்டியதுதானன்னு ராணி சொன்னாளாம்," என்றாள் சலேத்தக்கா.

இந்த வரி வகுப்பில் நடத்தியது இல்லை. அவள் ஏதோ வாரப் பத்திரிகையில் படித்துச் சேர்த்துக்கொண்டது. பங்கு கொடுக்கும்போது கொஞ்சம் கொசுறும் போடுவது அந்தக் கரையின் கை.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. "இல்லை இல்லை, அம்மா. ராணி அப்படிச் சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது. அது பின்னாடி கட்டிவிட்ட..."

தொம்மை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாய் இறக்கும்போது ஆட்களை நிறுத்துவாரே, அதுபோல உள்ளங்கையை மட்டும் உயர்த்தினார்.

"சத்தம் காட்டாதிய அண்ணாச்சி. எம் பங்கு இன்னும் முடியல."

யார் அவர் என்று தொம்மைக்குத் தெரியாது. இணைப்பு, குழு, ஆள் மாறாட்டம் எதுவும் தெரியாது. அவர் அப்போதுதான் கரையேறியிருந்தார்.

திருநகரி சார், "பெருமாளே," என்றார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும். சலேத்தக்கா, நிறுத்துவதா தொடர்வதா என்று என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் பாய்மரத்தைப் பார்த்தேன்.

தலைவர் மஃப்ளரை அவிழ்த்துப் பக்கத்து வெங்காய மூட்டையின் மேல் விரித்தார். அதன் மேல் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிங்க," என்றார். "காத்திருக்கேன்."

சலேத்தக்கா முடித்தாள். ராசாவையும் ராணியையும் வண்டியில் ஏற்றிப் பாரீசுக்குத் திருப்பிக் கூட்டிவரும் வரை குரல் நடுங்கவில்லை. மீன்காரிகள் வண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லும்போது அவள் தோளும் சேர்ந்து லேசாக ஆடியது.

தொம்மை தாடியைத் தடவினார். கேட்டதை உள்ளே இறக்கி அடுக்கும்போது அவர் செய்வது அது. அதன் பிறகுதான் மூட்டைப் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. அந்த ராணி அப்படிச் சொல்லவே இல்லியா?"

தலைவர் சொல்லத் தொடங்கினார். முதலில் அச்சடித்த தமிழில். தொம்மை இரண்டு கேள்வி கேட்டதும் அச்சு உதிர்ந்தது. யார் அதைக் கட்டிவிட்டார்கள், ஏன் கட்டிவிட்டார்கள், பசித்தவர்கள் ஏன் அதை நம்பினார்கள். அலாவுதீன் தூக்கம் தெளிந்து வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மேஸ்திரி. மூட்டை தூக்க வந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

ரயில் ஊதியது. அலுவலகத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியை தலைவரைப் பார்த்தார். தலைவர் தொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை ஊதிவிட்டு ரயில் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது.

ஒரு நிபந்தனை

பங்குனி நடுவில் பதில் வந்தது. திருநகரி சார் உறையைப் பிரிக்காமல் பெருமாள் படத்தின் முன்னால் வைத்துவிட்டு, கிட்டங்கிக்குள் நாலு சுற்று நடந்துவிட்டு, அப்புறம்தான் பிரித்தார்.

இணைப்பு கிடைத்துவிட்டது.

நூலகம் போதாது என்று நன்றாகத் திட்டியும் இருந்தார்கள். அது நியாயம். கடைசியில் ஒரு நிபந்தனை. பாடம் துறைமுகக் கரையில் பகிர்ந்துகொள்ளப்படும் வேளைகளையும் வகுப்பாகக் கொள்ளலாம். ஆனால் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மற்ற ஆசிரியர்களுக்குக் காலையில் வேறு வேலை; புதுக்கோட்டையிலிருந்து முதல் பேருந்தில் வரக்கூடியவள் நான் ஒருத்திதான். ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காத கால் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கால் அடுத்த மூன்று ஆண்டுகள் விடிகாலையில் வெங்காயச் சருகை மிதித்தது. என் கவிதைகளில் வெங்காய வாசனை ஏன் அடிக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

டீக்கடை அண்ணாச்சி அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. கிளாசை நீட்டும்போது மட்டும் சொன்னார்: "துறைமுகத்தையே கிளாசாக்கிட்டியளாமே. இனி மீனெல்லாம் பி.யூ.சி. படிக்கும். விலையக் கூட்டிருவான்."

மக்ரூன்

பரீட்சை எழுதினார்கள். வேறோர் ஊரின் உயர்ந்த கூரைக்குக் கீழே, சின்னப் பையன்களுக்கும் பெண்களுக்கும் நடுவே, சலவைச் சட்டையின் கழுத்துக் கடிக்க.

முடிவு வந்த மாலையில் கிட்டங்கியில் இடமில்லை. வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் வந்து சுவரோரம் நின்றார்கள். சட்டையின் பின்புறமெல்லாம் சுவர் வெள்ளை அடித்துவிட்டது. மேசை மேல் ஒரு பெட்டி நிறைய மக்ரூன். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்து கூம்பாய் நிற்கும் எங்கள் ஊர்ப் பண்டம். வாயில் வைத்தால் இருந்த சுவடு தெரியாமல் கரையும்.

திருநகரி சார் தேறியவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து சத்தம் எழும்பியது. அலாவுதீன் ஆங்கிலத்தில் நழுவியிருந்தார், செப்டம்பரில் பிடித்துவிட்டார்.

"சலேத்தம்மாள்."

சத்தம் எழுந்தது, அவள் எழவில்லை. பெயர் தன்னுடையதுதானா என்று யோசிப்பவள் போலப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை.

"தொம்மை."

அவர் தோணி ஓடும் பருவத்தின் கடைசிப் பயணத்தில் இருந்தார். கிட்டங்கி அமைதியானது. அதற்குத்தான் அவள் எழுந்தாள்.

"பங்கு இருக்கு சார்."

கூரைத் தகரம் அதிர்ந்ததை நான் அன்றுதான் கேட்டேன். திருநகரி சார் கைத்தட்டலுக்கு நடுவே பெட்டியிலிருந்து மக்ரூன்களை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஒன்றை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். மற்றவற்றைத் தாளில் மடித்து, தகர டப்பாவில் போட்டு மூடினாள். அண்ணன் பங்கு.

நாற்காலியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது கிடைத்தது. முதல் நாள் அவள் அதைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். ஜன்னலில் கப்பல் தெரிந்ததாம். "டீச்சர், நின்னு பாக்கையில தெரிஞ்சது வேற, இருந்து பாக்கையில தெரியுதது வேற," என்றாள். எவ்வளவு யோசித்தும் இதை ஒரு கவிதையாக்க என்னால் முடியவில்லை. அவள் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

தொம்மையின் தோணி, காற்று சரியில்லாமல் தாமதித்து, ஒருநாள் காலையில் வந்து சேர்ந்தது. நிபந்தனைப்படி ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டுமே, நானும் போய் நின்றேன். வழக்கமான இடத்தில் அவர் குத்துக்காலிட்டார். எதிரில் அவள். நடுவே அந்த ஒரு முழம்.

"பாடம் ஒண்ணும் இல்ல," என்றாள். "பரீட்சை முடிவு வந்துட்டு. பாஸு."

"யாரு?"

"நீயி."

அவர் தாடியைத் தடவவில்லை. கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் கொஞ்ச நேரம் எங்களிடம் இருந்தது.

"நீ?"

"நானுந்தான்."

டப்பாவைத் திறந்து அந்த ஒரு முழத்துக்கு நடுவில் வைத்தாள். அவர் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தி யோசித்தார். பிறகு, பாடத்திலும் பரீட்சையிலும் சேராத ஒரு வார்த்தையைப் பல வருஷம் கழித்துத் தங்கையிடம் பேசினார்.

"ஏளா, நமத்துப் போச்சு."

"நேரத்தோட வந்திருக்கணும்," என்றாள் அவள். "வீட்டுக்கு வா. வேற இருக்கு."